நாற்பத்தோரு நாளைகள்

மூன்றாவது குறுநாவலில்
என் கோள் தன் சூரியனுக்கு
ஒரே கன்னத்தைக் காட்டியபடி சுற்றுகிறது.
ஒருபுறம் பாறை இளகும் பகல்,
மறுபுறம் காற்றே உறைந்து கிடக்கும் இரவு,
இடையில் தாணேயிலிருந்து லோனாவ்லா வரைக்குமான அகலத்தில்
ஒரு பட்டை நிலம்.
அங்கே எப்போதும் மாலை.
பெயர் ஒருமுகம்.

இருபதாயிரம் சொல்லுக்குள் முடியுங்கள் என்பார்
பதிப்பாளர் மெய்கண்டான்.
முந்தைய இரண்டும் அப்படித்தான் முடிந்தன.
ஒன்றில் கடல் தலைக்கு மேலே இருந்தது.
இன்னொன்றில் எல்லோருக்கும் எடை மூன்றில் ஒரு பங்கு:
அந்த மழைக்காலம் எனக்கு மூட்டுவலி,
குர்லா படிக்கட்டு ஏற முடியவில்லை,
வேறு அறிவியல் காரணம் ஏதுமில்லை.

பரேல் மருத்துவமனை ஆய்வகத்தில்
இரவுப்பணி எனக்கு.
சென்ட்ரிஃபியூஜ் சுற்றும் பத்து நிமிடத்தில்
கைபேசியில் நான்கு வரி.
சுற்றி நின்றதும் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால்
மேலே வைக்கோல் நிறம்,
கீழே அடர்சிவப்பு,
நடுவே வெளிறிய மெல்லிய கோடு.
அந்தக் கோட்டில்தான் இவர்களைக் குடிவைத்தேன்.

மெய்கண்டான் அழைத்தார்:
'விடியாத ஊரில் நாளை ஏதம்மா?'

தேடினேன். நாற்பத்தோரு நாளை.
இருபத்தாறு நேற்று.
ஒரு கிழவர் வேறு பொழுது போகவில்லை என்கிறார்,
அவருக்கு அது உண்மையிலேயே போகாது.
காலையே இல்லாத இடத்தில்
மாலைக்கு மாலை என்று
யார் பெயர் வைத்திருப்பார்கள்?
காத்திருப்பவளுக்கென்று
ஒரு பொழுதையே ஒதுக்கி வைத்த மொழி என்னுடையது.
ஒருமுகத்தில் அந்தப் பொழுது கழிவதில்லை.
அவள் எப்போது விளக்கேற்றுவாள்,
எப்போது கைவிடுவாள்?

எட்டாம் அத்தியாயத்தில்
பனிக்கட்டி வெட்ட இருட்டுப் பக்கம் போகிறான் தூவன்.
வாசலில் திரும்பி
'வந்துவிடுவேன்' என்கிறான்.
எப்போது என்ற இடத்தில்
பதினோரு இரவுகளாக எனக்கு வெற்றிடம்.

மூன்று பத்துக்கு
ஜன்னலில் ஒரு மனிதர். தர்பங்காக்காரர்,
மகனுக்கு டெங்கு.
சுரேகா காம்ப்ளே நிமிராமல் சொன்னாள்: 'கல்.'
அவர் சண்டைக்கு வரவில்லை.
சீட்டை மடித்துக்கொண்டே
'கல் பி கல் போலா தா' என்றார்.
நேற்றும் நாளை என்றுதான் சொன்னீர்கள்.

ஒரே சொல்.
இருபுறமும் எஞ்சின் பூட்டிய லோக்கல் மாதிரி
எந்தப் பக்கமும் போகும்.
எனக்கோ அது
கையில் எடுத்தால் கனக்கும் பொருள்.

அவருடைய குழாயைத் தேடி முதலில் வைத்தேன்.
அது எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் எழுதினேன்:

ஒருமுகத்தில் ஒவ்வொரு தூக்கம் கலைந்ததும்
வாசலில் ஒரு கல் வைப்பார்கள்.
ஆள் போய் எத்தனை ஆயிற்று என்றால் அந்தக் குவியலைக் காட்டுவார்கள்.
வர எத்தனை ஆகும் என்றாலும் அதே குவியல்தான்.
'கல் வருகிறேன்' என்றான் தூவன்.
அவள் குனிந்து முதல் கல்லைத் தேடினாள்.

நான்கு நாற்பதுக்கு அறிக்கை.
முப்பத்தோராயிரம் இருந்த தட்டணு
ஐம்பத்தெட்டாயிரம்.
பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார்.
தட்டி எழுப்பி, தாளை நீட்டி
'பட் கயா' என்றேன், ஏறிவிட்டது.
தாளைத் தலைகீழாகப் பிடித்து
வெகுநேரம் படித்தார்.

முதல் லோக்கலில் உட்கார்ந்து கோப்பை அனுப்பினேன்.
சயன் தாண்டுவதற்குள் பதில்:
'நன்றாக வந்திருக்கிறது.
ஆனால் இருபதாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சொல்.
நூற்றுப் பன்னிரண்டை எடுத்துவிடுங்கள்.'

வெளியே பகலும் இல்லாத இரவும் இல்லாத வெளிச்சம்,
தண்டவாளம் நெடுக
கொட்டிக் கிடக்கின்றன.
எந்தக் கல்லை எடுக்க?